நரியைக் கூப்பிட்டவள்

எங்கள் ஊரில் பூவரச இலையைச் சுருட்டி ஊதி நரியை வரவழைத்தவள் நான் ஒருத்திதான். சும்மா சொல்லவில்லை, கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறது. சாட்சி என் நாத்தனார். அவள் வாயில் எதுவும் தங்காது என்பதால் இந்தக் கதை உப்பூர் வரைக்கும் போய்விட்டது. கடையில் சாமான் வாங்கப் போனால் "இதுதான் நரி பிடிச்ச பொம்பளையா" என்று கேட்கிறார்கள். பிடிக்கவில்லை, கூப்பிட்டேன் என்று திருத்திவிட்டுத்தான் வருவேன். பெருமையடிக்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெருமையாகத்தான் இருக்கிறது.

கல்யாணமாகி நானும் என் வீட்டுக்காரரும் திருப்பூருக்குத்தான் போனோம். அவர் கம்பெனி வேன் ஓட்டினார். நான் பவர் டேபிள் டைலர். காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரைக்கும் பனியனுக்குக் கை வைத்துத் தைப்பேன். கையை நான் தைப்பேன், கழுத்தை இன்னொருத்தி தைப்பாள், பட்டியை வேறொருத்தி தைப்பாள். முழுப் பனியனாக எதையும் கண்ணில் பார்த்ததில்லை. பின்னால் தொண்டியிலிருந்து மதுரைக்கு மீன் வண்டி ஓட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஊருக்கே வந்துவிட்டோம். வந்த கையோடு என் சேமிப்பில் கொடி ஆடு வாங்கினேன். கால் நீண்டு, கழுத்து நிமிர்ந்து, வெள்ளையில் கறுப்புத் தெளித்த ஆடுகள். எங்கள் வெயிலுக்கும் வறட்சிக்கும் அவைதான் தாங்கும். ஆட்டைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. என் அம்மா வீட்டில் மாடுதான் இருந்தது. ஆனாலும் குட்டி பிறந்து எழுந்து நின்றபோது, இது முழுசாக என்னுடையது என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தை எந்தச் சம்பளமும் எனக்குத் தந்ததில்லை.

எங்கள் வீடு ஊரின் மேற்குக் கடைசி. வீட்டுக்குப் பின்னால் முள்ளடைத்த ஆட்டுப்பட்டி. அதைத் தாண்டினால் ஒரு பொட்டல், பொட்டலுக்கு அந்தப்புறம் கண்மாய்க்கரை. கரை முழுக்கச் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கும். கிழக்கே பார்த்தால் உப்பு பூத்த தரை, அதற்கப்பால் கடல்.

முதல் குட்டி தை மாதத்தில் போனது. குட்டிகளை ராத்திரி குடாப்புக்குள் அடைப்பேன். குடாப்பு என்றால் ஓலையில் முடைந்த பெரிய கூடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும், குட்டிகளுக்கு அதுதான் வீடு. விடிந்ததும் அதைத் தூக்கிவிட்டுத் தாய்களிடம் குட்டிகளைப் பாலுக்கு விடுவது வழக்கம். அன்றைக்கு அப்படி விட்டுவிட்டு ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருவதற்குள் ஒரு குட்டியைக் காணோம். முள்வேலியில் ஒரு ஓட்டை. அதில் கொஞ்சம் செம்பழுப்பு மயிர் ஒட்டியிருந்தது. தாய் ஆடு அன்று முழுவதும் கத்தியது. நான் சமைக்கவே இல்லை.

இரண்டாவது குட்டி சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது போனது. கரையோரமாக மந்தை வந்துகொண்டிருந்தது. பின்தங்கிய குட்டி ஒரு தடவை கத்தியது, அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தபோது கருவேலம் புதருக்குள் ஒரு வால் மட்டும் போயிற்று. கையிலிருந்த கம்பை வீசினேன். அது என் காலடியிலேயே விழுந்தது.

மறுநாள் காலை மீன் வண்டியை நிறுத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரர், கேட்டதும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நிதானமாகப் பல் துலக்கிவிட்டு வந்து சொன்னார்.

"இந்தா பாரு, இது நமக்குத் தோதுப்படாது. சிவராத்திரிக்கு முன்னாடி யாவாரியை வரச் சொல்லியிருக்கேன். மொத்தத்தையும் தள்ளிவிட்ருவோம். நீ திருப்பூருக்கே போயி மிஷின்ல உக்காரு. நான் இங்கன ஓட்டிக்கிறேன்."

சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில்களில் கிடா வெட்டு இருக்கும் என்பதால் அதற்கு முன்னால் வியாபாரிகள் ஊர் ஊராக வருவார்கள். எங்கள் ஊருக்கு வருகிறவர் என்னைப் பார்த்துப் பேசியதே கிடையாது. பட்டிக்குள் நான் நின்றுகொண்டிருந்தாலும் "தம்பி இல்லையா" என்றுதான் கேட்பார். அவர் வருவதற்குள் நரிக்கு ஒரு வழி பண்ணவில்லை என்றால் ஆடும் போகும், நானும் போவேன். திருப்பூர் லைன் வீட்டு ஒற்றை அறையும் கம்பெனி வேனும் கண்முன்னால் வந்து நின்றன. அந்த நரியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். நரியைக் கொன்றால் கேஸ், ஜாமீன் என்று அலைய வேண்டியிருக்கும். அதுவும் போக, எனக்குக் கொல்லவும் மனசில்லை. இந்த நரி செத்தால் அடுத்த கண்மாய் நரி இங்கே குடிவரும், அதற்கும் என் பட்டி தெரிந்துவிடும். எனக்கு வேண்டியது செத்த நரி இல்லை. குட்டி கத்துவதைக் கேட்டாலே ஓட்டம் பிடிக்கிற நரி வேண்டும்.

இதை நாத்தனாரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. கல்யாணம் பண்ணி அடுத்த தெருவிலேயே இருக்கிறாள், புருஷன் சவூதியில். கையில் நல்ல போன், நாள் முழுக்க நெட். உடனே ஒரு வீடியோவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வெள்ளைக்காரர்கள் பனிக்குள் படுத்துக்கொண்டு, துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, ஏதோ ஒரு மிருகத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அதன் பெயர் கொயோட்டியாம். பார்த்தால் நம் நரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருந்தது. அவர்கள் பேசிய இங்கிலீஷ் எங்கள் இரண்டு பேருக்கும் எட்டவில்லை. ஆனால் செய்வதைப் பார்த்தால் புரிகிறது. அசையாமல் உட்கார வேண்டும். அடிக்கடி மண்ணைக் கிள்ளிப் பறக்கவிட்டுக் காற்றுப் பார்க்க வேண்டும். வாயில் எதையோ வைத்து, முயல் அலறுகிற மாதிரி ஊத வேண்டும். ஊதிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் வீடியோவில் பெரும்பகுதி. நாத்தனார் அலுத்துப்போய் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். நான் ஓட்டவிடாமல் பார்த்தேன். மிஷினில் உட்கார்ந்து பழகியவளுக்கு உட்காருவது ஒரு வேலையா?

முதலில் காலடி பார்க்கக் கற்றுக்கொண்டேன். மாசியில் கண்மாய்த் தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் ஈரக் கரம்பை மண்ணாகக் கிடக்கும். அதில் எல்லா நாயும் நரியும் கால் வைத்திருந்தன. தொடக்கத்தில் எனக்கு எல்லாமே நாயாகத் தெரிந்தது. ஊர் நாயைப் பின்னாலேயே போய் அதன் தடத்தைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி பார்த்தேன். நாய்த் தடம் அகலம். அது வேலையில்லாமல் அங்கேயும் இங்கேயும் போகும், புதிதாக மிஷினில் உட்கார்ந்தவள் தைத்த தையல் மாதிரி. நரித் தடம் ஒடுக்கம். முன்கால் வைத்த இடத்தை ஒட்டியே பின்கால். ஒரே கோடு. கை தேர்ந்த டைலர் அடித்த நேர்த்தையல் அது. பார்த்ததும் எனக்கு அந்த நரி மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அந்தத் தையலைப் பிடித்துக்கொண்டு நானும் நாத்தனாரும் கரையிலிருந்து பொட்டலில் நடந்தோம். தடம் நேராகப் பட்டிக்குப் போகும் என்று நினைத்தோம். போகவில்லை. பட்டிக்குக் கொஞ்ச தூரம் மேற்கே தனியாக நிற்கும் ஒரு கருவேல மரத்துக்குப் போனது. மரத்தைச் சுற்றிச் சுற்றித் தடம். ஒரு இடத்தில் பின்னங்கால் இரண்டும் ஆழமாகப் பதிந்திருந்தன. குதித்திருக்கிறது. கீழே சாக்கு நார் பிய்ந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தோம். கொப்பில் நான் கட்டிவைத்த சாக்குப் பொட்டலங்கள் தொங்கின.

அவை ஆட்டின் நஞ்சுக்கொடிகள். என் அம்மா வீட்டில் மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் உயரமாகக் கட்டிவிடுவார்கள். நாய், நரி வாயில் பட்டால் பால் வற்றிவிடும் என்று நம்பிக்கை. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆடு குட்டி போட்டபோதும் அப்படியே செய்தேன். ஆட்டுக்கு யாரும் இப்படிச் செய்வதில்லை, குழி தோண்டிப் புதைப்பதோடு சரி என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. பக்கத்தில் ஆலமரம் கிடையாது. இருந்தது இந்தக் கருவேலம். முள்ளுக்குப் பயந்து என் தலை உயரத்திலேயே கட்டியிருந்தேன். நரி வாயில் படக்கூடாது என்று கட்டியதை நரி குதித்துக் குதித்துத் தின்றிருக்கிறது. எட்டியது தீர்ந்த காலையில் நாலு எட்டு வைத்துப் பட்டிக்கு வந்திருக்கிறது.

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி, அது திருட வரல. நீங்க இலை போட்டுப் பந்தி வச்சிருக்கீக, அது சாப்பிட வந்திருக்கு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவற்றை அறுத்துப் புதைத்துவிடலாம் என்று அவள் அரிவாள் எடுக்கக் கிளம்பினாள். நான் நிறுத்தினேன். அந்தக் கணத்தில் எனக்கு எங்கிருந்து புத்தி வந்தது என்று தெரியவில்லை. இவ்வளவு பெரிய கண்மாயில் நரியை எங்கே போய்த் தேடுவது? அது கட்டாயம் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடம் இந்த மரம்தான். அதை எதற்கு நானே அழிக்க வேண்டும்? இருக்கட்டும், இங்கேயே வரட்டும் என்றேன். அன்றைக்குத்தான் ஒரு ஆடு குட்டி போட்டிருந்தது. அதையும் கொண்டுபோய்க் கட்டினேன், இந்தத் தடவை தெரிந்தே கட்டினேன்.

குரல் கொடுத்து வரவழைத்து, வந்ததும் கவட்டையால், அதாவது உண்டிவில்லால் அடிப்பது என்று முடிவு பண்ணினேன். கவட்டை எனக்குப் பழக்கம்தான். சின்ன வயதில் சோளக்கொல்லையில் கிளி விரட்டியிருக்கிறேன். ஆனால் கை மறந்திருந்தது. சைக்கிள் டியூப் வெட்டிப் புதிதாக ஒன்று கட்டினேன். கல் வைத்தால் காயமாகிவிடும் என்று கரம்பையை உருட்டி வெயிலில் காயவைத்தேன். பட்டால் சுரீர் என்று வலிக்கும், ஆனால் உடைந்து தூளாகிவிடும். வேலியில் பெயிண்ட் டப்பாவை மாட்டி அடித்துப் பழகினேன். தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் டப்பாச் சத்தத்தில் எழுந்து வந்து, மனுஷனைத் தூங்கவிடு என்றார். படாதவரைக்கும்தான் சத்தமில்லாமல் இருந்தது, இப்போது படுகிறது என்றேன்.

முதல் நாள் வேட்டைக்குச் சாயங்காலம் போனோம். மரத்துக்குக் கிழக்கே பனங்கன்றுக் கூட்டத்துக்குள் உட்கார்ந்தோம். வெயில் இறங்கும் நேரம் நரி கரை மேல் வந்தது. நின்றது. மூக்கைத் தூக்கியது. பிறகு நாய் மாதிரி உட்கார்ந்துகொண்டு நாங்கள் ஒளிந்திருக்கும் இடத்தையே பார்த்தது. வேடிக்கை பார்த்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி நாத்தனாரைப் பார்த்தேன். தலையில் இரண்டு முழம் மல்லிகை. முகத்தில் பவுடர். வெள்ளிக்கிழமை என்பதால் வைத்தாளாம். சாயங்காலம் கடல்காற்று கிழக்கிலிருந்து வீசும். அவளுடைய மல்லிகை வாசத்தையும் என் தேங்காயெண்ணெய் வாசத்தையும் அள்ளிக்கொண்டு போய் அது நேராக நரியிடமே கொடுத்திருக்கிறது.

அதற்கப்புறம் காற்றைக் கற்றுக்கொண்டேன். விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்துப் போகும். வெயில் ஏறின பிறகு கடலிலிருந்து தரைக்குத் திரும்பும். வலைக்குப் போகிறவர்களுக்கு இது பால்குடி மறப்பதற்கு முன்பே தெரியும். ஆடு வைத்திருக்கிற எனக்கு அதுவரைக்கும் காற்று என்றால் துணி காயவைக்க மட்டும்தான். நரி மேற்கே இருக்கிறது. விடியற்காலை நான் கிழக்கே உட்கார்ந்தால் அதன் வாசம் எனக்கு வரும், என் வாசம் கடலுக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஊதுவதற்குத்தான் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தது. வெள்ளைக்காரன் வாயில் வைத்தது எங்கே கிடைக்கும்? பூவரச இலையைச் சுருட்டி நுனியைக் கடித்து ஊதினால் வரும் பீப்பிச் சத்தம் கிட்டத்தட்ட அதேதானே என்று நாத்தனாருக்குத்தான் தோன்றியது. அந்தப் பெருமை அவளுக்கே. ஆனால் அதைக் குட்டியின் குரலாக மாற்றியது நான். முற்றிய இலையாக இருக்க வேண்டும். இறுக்கிச் சுருட்டினால் கீச்சென்று வரும், கொஞ்சம் தளர்த்தினால் கரகரக்கும். ஊதும்போதே நுனியை விரலால் நெரித்தால் குரல் உடையும். குட்டியைத் தூக்கும்போது அதன் குரல் அப்படித்தான் உடையும். பட்டிக்குள் நின்று ஊதிப் பார்த்தேன். தாய் ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கின.

இரண்டாம் முயற்சி அதனால்தான் கெட்டது. அதிகாலை, காற்று சரி, பூ இல்லை, பட்டியில் கட்டும் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பனங்கன்றுக்குள் உட்கார்ந்து ஊதினேன். நன்றாக வந்தது. மறுபடி ஊதினேன். பின்னால் தடதடவென்று சத்தம். பட்டி வாசல் படலைத் தள்ளிக்கொண்டு என் ஆடுகள் மொத்தமும் ஓடி வந்து என்னைச் சூழ்ந்துகொண்டன. யாரோ தன் குட்டியைத் தூக்குகிறார்கள் என்று ஒவ்வொன்றும் என்னை முட்டியது, முகர்ந்தது, என் மடியில் குட்டியைத் தேடியது. நரி அன்றைக்கு வந்ததா இல்லையா என்றே தெரியாது. ஆடுகளின் நடுவில் உட்கார்ந்து நான் அழுதேன். நரி வரவில்லை என்று அழவில்லை. இவற்றைப் போய் விற்றுவிடுவார்களே என்று அழுதேன். வியாபாரி வர அதிக நாள் இல்லை.

அடுத்த முறை நாத்தனாரைப் பட்டிக்குக் காவல் வைத்தேன். படலைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, அதன் மேல் முதுகைச் சாய்த்து நிற்கச் சொன்னேன். ஆடு கத்தினால் கத்தட்டும், தாய் கத்துவதும் நல்லதுதான், நரிக்கு நம்பிக்கை வரும் என்றேன். போனை அணைத்து வைக்கவும் சொன்னேன். சவூதிக்காரர் கூப்பிட்டால் என்ன பண்ணுவது என்றாள். நரி வந்து போனப்புறம் பேசிக்கொள் என்றேன்.

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் கடல் இருப்பது சத்தத்தில் தெரிந்தது. காற்று மேற்கிலிருந்து முகத்தில் மெல்லப் பட்டது. மண்ணைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன், என் தோளைத் தாண்டிக் கிழக்கே போயிற்று. இலையை உதட்டில் வைத்து ஒரு தடவை ஊதினேன். நுனியை நெரித்தேன். பட்டியில் ஒரு தாய் கத்தியது. பிறகு சும்மா இருந்தேன். காலில் எறும்பு ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னொரு தடவை, முன்னதைவிடச் சின்னதாக ஊதினேன்.

நரி வந்தது. கரையிலிருந்து இறங்கியதை நான் பார்க்கவில்லை. பொட்டலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அங்கே ஒன்றும் இல்லை, அப்புறம் நரி இருந்தது. மரத்தைக்கூட அது பார்க்கவில்லை. சாக்குப் பொட்டலத்தைத் தாண்டி, குட்டிக் குரல் கேட்ட இடத்துக்கு, என்னிடமே வந்தது. காது இரண்டும் முன்னால் விறைத்திருந்தன. நெஞ்சில் வெளிர்மஞ்சள் மயிர். நினைத்ததைவிடச் சின்ன உருவம், மெலிந்த உருவம். நான் கூப்பிட்டேன், வந்துவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கவட்டையை இழுத்தேன். ஊசியில் நூல் கோக்கும்போது செய்வதுபோல மூச்சை நிறுத்தினேன். விட்டேன்.

விலாவில் பட்டு உருண்டை தூளாகப் பறந்தது. நரி ஒரு முழம் எகிறி விழுந்து, ஊளையும் இல்லாத குரைப்பும் இல்லாத ஒரு சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. நான் அதோடு விடவில்லை. அது ஓடும்போதே மறுபடி குட்டிக் குரலில் ஊதினேன், இன்னொரு உருண்டையை அதன் பின்னால் விட்டேன், எழுந்து நின்று, கொண்டுபோயிருந்த தகர டப்பாவைத் தட்டினேன். வலியும் அந்தக் குரலும் ஒன்றாகவே அதன் மண்டைக்குள் போக வேண்டும் என்பதுதான் என் கணக்கு. பட்டியிலிருந்து நாத்தனார் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். படலைப் பிடிக்கச் சொன்னதை மறந்துவிட்டாள். ஆடுகள் மறுபடியும் ஓடி வந்து என்னைச் சூழ்ந்தன. இந்தத் தடவை எனக்கு அழுகை வரவில்லை.

ஒரு நாளில் பாடம் ஏறாது என்று எனக்குத் தெரியும். நானே ஒரு நாளில் தையல் கற்றுக்கொண்டவள் இல்லையே. விடாமல் தினமும் போனேன். அடுத்த தடவை நரி குரலைக் கேட்டு வந்தது, ஆனால் பாதிப் பொட்டலில் நின்று யோசித்தது. எட்டாத தூரம்தான், இருந்தாலும் அடித்தேன், உருண்டை அதற்கு முன்னால் விழுந்தது, நரி ஓடிவிட்டது. அதற்கப்புறம் கரையிலேயே நின்று பார்த்தது. அதற்கும் அப்புறம் நான் ஊதினால் கரை மேலும் எதுவும் தெரியவில்லை. மரத்திலிருந்த பொட்டலங்களை அறுத்து ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். என் வீட்டுக்காரரிடம் நரி இனி வராது என்று சொன்னேன். நரி உன்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனதா என்று கேட்டார். வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். வாக்குக் கொடுத்தாயிற்று என்றார்.

வியாபாரி சொன்னபடி வந்தார். சாயங்காலம், ஆடுகள் பட்டிக்குத் திரும்பியிருந்த நேரம். வழக்கம்போல என்னைத் தாண்டிப் போய் என் வீட்டுக்காரரிடம் தம்பி, எல்லாம் இவ்வளவுதானா என்று கேட்டார். ஒவ்வொன்றின் முதுகையும் அழுத்திப் பார்த்தார். நான் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்மாயின் நடுக்குட்டையில் மட்டும் தண்ணீர் மிச்சமிருந்த காலம் அது. தண்ணீர் குடிக்கத்தான் வந்திருக்க வேண்டும், கரை மேல் நரி நடந்து வந்துகொண்டிருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். அடுத்து என் வீட்டுக்காரர் பார்த்தார். பார்த்துவிட்டு, இதுதான் உன் வேட்டையின் லட்சணமா என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வியாபாரி, எடை பார்க்க ஒரு குட்டியை முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்கினார். குட்டி அலறியது. நிஜக் குட்டி, நிஜ அலறல், குரல் உடைந்து பொட்டல் முழுக்கக் கேட்டது. வழக்கமாக இருந்தால் நரிக்கு அது சாப்பாட்டு மணி.

நரி நின்றது. காது இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின. அடுத்த நொடி வாலைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு, தண்ணீரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கரைக்கு அந்தப்புறம் விழுந்தடித்து ஓடியது. வியாபாரி குட்டியைத் தூக்கிய கையோடு அதைப் பார்த்தார். குட்டி கத்துறதுக்கு நரி ஓடி இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். முன்பு சிரித்த முகம் இல்லை அது.

வியாபாரி மறுபடி பேச்சைத் தொடங்கி, என்ன தம்பி சொல்றீக என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"என்கிட்டக் கேக்காதீகண்ணே. ஆடு இவளுது. இவகிட்டக் கேளுங்க."

வியாபாரி என்னைப் பார்த்தார். அத்தனை நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா சொல்றீக?" என்றார்.

விற்பதற்கு இல்லை என்றேன். சொன்ன குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. குட்டியை அவர் கையிலிருந்து வாங்கி அதன் தாயிடம் விட்டேன்.